ஆறாவது சுற்று

இன்று காலை என் மனைவி என்னிடம் ஒரு நீலப் பேனாவையும், கிளிப் வைத்த பரீட்சை அட்டையையும், ஒரு கட்டளையையும் கொடுத்தாள். பேனாவையும் அட்டையையும் வாங்கிக்கொண்டேன். கட்டளைதான் தொண்டையில் சிக்கியது.

"பத்து சுத்து முடியற வரைக்கும் யார்கிட்டயும் எதையும் சொல்லக்கூடாது. முக்கியமா என் தம்பிகிட்ட."

இருபது வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன் நான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவதுதான் என் பிழைப்பு. கிளட்ச், கண்ணாடி, இன்டிகேட்டர், மறுபடி கிளட்ச். அதே பக்கத்து இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றால், ஏலக்கடைக்காரனை விரலால் மட்டும் ஏலம் விடச் சொன்ன மாதிரி. ஆனாலும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். கல்யாணம் ஆகி அவ்வளவு ஆகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பதினோரு வருஷத்தில் அவன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன் சொந்தமாக ஒரு கார் வாங்கினான். அதை எனக்குக் காட்டவேண்டும் என்று, ஒன்பது நாட்களுக்கு முன், மதியம் மூன்று மணிவாக்கில் நான் வழக்கமாக நிற்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் அதுவரை வந்திராத தெரு. அங்கே வேக வரம்பு முப்பது. அவன் வந்தது ஐம்பத்திரண்டில்.

பிள்ளைகளைச் சாலை தாண்டவைக்கும் பள்ளிக்கூடத்து அம்மா, கையில் 'நில்' பலகையோடு அப்போதுதான் தெருவில் இறங்கியிருந்தார். மச்சினன் பிரேக் பிடித்தான். வண்டி நின்றது, ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்தில் அந்த அம்மாவின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிள்ளைகள் யாரும் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடையிலிருந்து நான் ஓடிவந்தேன். காலுக்கு இரண்டு பக்கமும் அட்டை வைத்து அசையாமல் கட்டியது மச்சினன்தான். அழுதுகொண்டே கட்டினான், ஆனால் சரியாகக் கட்டினான். கைக்கெட்டிய வண்டி அங்கே நிறுத்தியிருந்த எங்கள் பயிற்சிக் கார். அதில் அந்த அம்மாவைக் கிடத்தி, போலீஸ் வருவதற்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு நல்ல பெயர். ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெளிவாக விழும் மெஷினில் நகல் எடுத்துத் தருகிறார்.

மச்சினனுக்கு என்ன பெயர் கிடைத்தது என்று சொல்லவேண்டியதில்லை.

அவன் எல்லோரிடமும் சொன்ன விளக்கம் ஒன்றுதான். "திரையில அறுபதுன்னு காட்டுச்சு."

இப்போது வரும் கார்களில் ஓட்டுகிறவனுக்கு எதிரே ஒரு சின்னத் திரை. அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு வளையம். நாம் போகிற சாலையின் வேக வரம்பு அதற்குள் எண்ணாகத் தெரியும். அந்த எண் சரியா தப்பா என்று பார்ப்பதுதான் என் மனைவியின் உத்தியோகம். வாகனப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். நாள் முழுக்கப் புதுக் கார்களை ஓட்டுவாள். சாலையோரப் பலகையில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்வாள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து எழுதுவார். இதுவரை பார்த்த வண்டிகளிலேயே மிகக் குறைவாகத் தப்பு விடுவது இந்த வண்டிதான் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவள் தம்பி வாங்கினான்.

ஆகவே, திரை அறுபது காட்டியது என்று அவன் சொன்னபோது போலீஸ் நம்பவில்லை. கார் கம்பெனி ஆள் நம்பவில்லை. வண்டியை அணைத்ததுமே திரை எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். சாட்சிக்கு அதைக் கூப்பிட முடியாது. வீட்டிலும் யாரும் நம்பவில்லை. நான் நம்பாதது மட்டுமல்ல, ஒரு ஜோக்கும் சொன்னேன்.

"அறுபதுன்னு பார்த்தது திரையிலயா, இல்ல உன் மாமியார் பிறந்தநாள் கேக்குலயா?"

முதல் தடவை சொன்னபோது அவனே சிரித்தான். நான் நல்ல ஜோக்கை ஒரு தடவையோடு விடுகிற ஆள் இல்லை. நான்காவது தடவை சொன்னபோது, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

விஷயம் இவ்வளவுதான். வரம்பு தெரியாமல் மீறினால், உரிமத்தைச் சில மாதம் முடக்குவார்கள். பள்ளிக்கூடத் தெருவில் தெரிந்தே மீறினால், நிரந்தரமாக ரத்து. ரத்தானால் ஆம்புலன்ஸ் இல்லை. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதையும் விரும்பியதும் இல்லை. இன்று மாலை நான்கு மணிக்குள் அவன் எழுத்துமூலம் விளக்கம் கொடுக்கவேண்டும். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை.

அந்த விசாரணையில் நானும் உண்டு. முந்தாநாள் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது, அந்த அம்மா கட்டுப்போட்ட காலோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்குக் கோர்வையாகப் பேச வராது, தன் பக்கத்தில் நின்று நான்தான் நடந்ததைச் சொல்லவேண்டும் என்றார்.

"அந்த நேரத்துக்கு உங்க வண்டி அங்க நின்னுச்சே தம்பி, அது என் அதிர்ஷ்டம்."

நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். மேலே சொன்ன அனுபவம் கைகொடுத்தது.

*

என் மனைவிக்குத் தம்பி மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று இல்லை. அவள் எதையும் நம்புகிற ரகம் இல்லை, பார்க்கிற ரகம். ஒருநாள் விடுப்பு எடுத்தாள். அதே மாடல் கார் ஒன்று அவர்கள் கூடத்தில் இருந்தது. அவளது மேலதிகாரி, இதை அறிக்கையாக ஏற்கமுடியாது, ஆனால் பார்த்துவிட்டு வா என்று சாவியைக் கொடுத்திருந்தார். வழக்கமாகப் பக்கத்தில் உட்காருபவர் வரவில்லை. அதனால் நான்.

தாளில் ஐந்து கட்டங்கள். சுற்று, நேரம், பலகை, திரை, காரணம். கடைசிக் கட்டம் பலகையும் திரையும் வேறுபட்டால் மட்டும் எழுதவேண்டியது.

பதினொரு மணிக்குத் தொடங்கினோம். தெருமுனை பெட்ரோல் பங்கிலிருந்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மருந்துக்கடை வரை ஒரு சுற்று. பள்ளிச் சுவர் ஆரம்பிக்கும் இடத்தில் பலகை.

"முப்பது," என்றாள்.

திரையைப் பார்த்தேன். முப்பது. எழுதினேன்.

இரண்டாம் சுற்று. முப்பது. மூன்றாம் சுற்று. முப்பது. நான் வேண்டுமென்றே திரையை முறைத்துப் பார்த்தேன், அது பயந்து உண்மையைச் சொல்லிவிடும் என்பதுபோல. முப்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லவில்லை.

நடுவில் ஓரமாக நிறுத்தி, இந்தத் திரைக்கு எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளக்கினாள். இரண்டு இடத்திலிருந்து. வண்டிக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் எல்லாச் சாலைக்கும் ஒரு எண் பதிந்திருக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது; அது வழியில் தெரியும் பலகைகளைப் படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், சாலையில் வேலை நடந்து புதிதாகப் பலகை வைத்திருக்கலாம் இல்லையா, அதனால் கேமராவுக்குத்தான் மரியாதை.

"வரைபடம் எங்க அப்பா மாதிரி. ஒரு தடவை மனசுல பதிஞ்சா பதிஞ்சதுதான். கேமரா உங்கள மாதிரி. கடைசியா எதைப் பார்த்துச்சோ அதைத்தான் நம்பும்."

தப்புகளும் சொன்னாள். லாரியின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்பது ஸ்டிக்கரை, சாலையின் வரம்பு என்று ஒரு வண்டி எடுத்துக்கொண்டதாம். பெரிய சாலையில் போய்க்கொண்டே, பக்கத்துக் கிளைச்சாலைப் பலகையைப் படித்து இன்னொரு வண்டி நாற்பது என்றதாம். மழையில் ஒட்டிய ஒரு இலை நூறைப் பத்தாக்கியதாம். இந்த வண்டி அந்தப் பரீட்சைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியது என்றாள். மீதி மூன்று எங்கே போயிற்று என்பதுதான் அவள் சம்பளம்.

நான் சிரித்தேன். போயும் போயும் ஒரு லாரியின் பின்புறத்தை நம்பி வேகம் பிடிக்கிற கார். என் பள்ளியில் சேர்ந்த முதல்நாள் மாணவன்கூட அப்படிச் செய்யமாட்டான் என்று சொன்னேன். அதிலிருந்து எங்கள் பயிற்சியின் பெருமைக்குத் தாவினேன். அறுபதே நாளில் உரிமம் என்று நான் கொடுக்கும் உத்தரவாதத்தைப் பற்றி ஆரம்பித்ததும், அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

நான்காம் சுற்று முப்பது. ஐந்தாம் சுற்று முப்பது.

மணி பன்னிரண்டரை. மிச்ச ஐந்து சுற்றும் விபத்து நடந்த நேரத்தில் ஓட்டவேண்டும் என்றாள். அதே வெயில், அதே நிழல், அதே தெரு. மூன்று மணிக்குப் பார்க்கலாம் என்று டிபன் டப்பாவைத் திறந்தோம். அவள் கை கழுவப் பெட்ரோல் பங்குக்குள் போனாள்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கெட்ட எண்ணம் இல்லை. மச்சினன் வீட்டில் தனியாக உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருப்பான். அந்த அறுபதையே பிடித்துத் தொங்கினால் நாளை கேலி செய்வார்கள். வேறு ஏதாவது எழுதட்டும். போனை எடுத்து அடித்தேன்.

'அஞ்சு சுத்து பார்த்தாச்சு. அஞ்சும் முப்பது. கேக்கை விட்டுடு. வெயில் கண்ணுல அடிச்சுது, திரை சரியா தெரியலைன்னு எழுதிக் கொடு.'

அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். மனைவி திரும்பி வந்தபோது என் முகம் அப்படியே பால் குடித்த குழந்தை முகம். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

*

மூன்று மணி ஐந்து நிமிடம். தெரு மாறிவிட்டிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். அந்த அம்மாவின் இடத்தில் ஒரு வாத்தியார், 'நில்' பலகையை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு அது பழக்கமில்லை.

ஆறாவது சுற்று. இருபத்தைந்துக்கு மேல் போகாமல் ஓட்டினாள்.

"முப்பது," என்றாள், பலகையைத் தாண்டும்போது.

திரை முப்பது காட்டியது. நான் பேனாவைத் தாளில் வைத்து முதல் கோட்டை இழுத்தேன்.

மெல்லிய மணிச் சத்தம் ஒன்று கேட்டது.

நிமிர்ந்தேன். சிவப்பு வளையத்துக்குள் அறுபது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அறுபது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தேன். அறுபது. அதற்குள் மனைவி வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் நேரே பார்த்தேன்.

இருபது அடி தள்ளி, சாலையோரம், வழக்கமான இடத்தில், எங்கள் பயிற்சிக் கார் நின்றது.

தினமும் மூன்றிலிருந்து நான்கு வரை அது அங்கேதான் நிற்கும். காலையில் அதற்கு வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் விளம்பரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்கள் பார்க்கவேண்டும் என்று நான் கண்டுபிடித்த உத்தி. நான் இல்லாத நாளில் எங்கள் இன்னொரு ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்துவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுவோம்.

அந்தக் காரின் கூரையில் ஒரு போர்டு. விபத்துக்கு இரண்டு நாள் முன்புதான் மாட்டியது. வட்டமான தகடு. வெள்ளைப் பரப்பு, சிவப்பு வளையம், நடுவில் கறுப்பில் பெரிதாக 60. அடியில், பக்கத்தில் வந்தால் மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில், 'நாளில் ஓட்டுநர் உரிமம்'.

ஓட்டுநர் பள்ளி இல்லையா, போர்டும் சாலைப் பலகை மாதிரியே இருக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சாலைத் துறைக்குப் பலகை செய்து கொடுக்கும் அதே பட்டறைக்குப் போனேன். அதே அளவு, அதே எழுத்து, விளக்கு பட்டால் மின்னும் அதே தாள் வேண்டும் என்று கேட்டேன். பட்டறைக்காரர் தயங்கினார். நான் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தேன். என் வாய் அப்படி.

மாட்டிய அன்று காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியை நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அசல் பலகை மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் மனைவி இப்போது. "அசல் மாதிரி இருக்குன்னு நானே என் வாயால சொன்னேன். என் வேலையே அதுதான். எனக்குத் தோணலை."

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஒரு குரல்தான் காதுக்குள் கேட்டது. அந்த நேரத்துக்கு உங்க வண்டி அங்க நின்னுச்சே தம்பி.

அன்று போலீஸ் வந்து தெருவை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். பலகையைப் படம் எடுத்தார்கள், பிரேக் தடத்தைப் படம் எடுத்தார்கள். இந்தப் போர்டு மட்டும் அவர்கள் படத்தில் இல்லை. அதற்கு முன்பே, அடிபட்டவரைப் பின்னிருக்கையில் கிடத்தி, ஊரார் வாழ்த்த, அதை நானே ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

*

ஒரு தடவை பார்த்தது போதாது என்றாள். வண்டியைத் திருப்பினாள். ஏழாவது சுற்று. பயிற்சிக் காரின் பின்பக்கம் கண்ணில் பட்டதும் மணிச் சத்தம், அறுபது. ஹாரன் அண்ணனிடம் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போகச் சொன்னாள். எட்டாவது சுற்று. முப்பது, கடைசி வரை முப்பது. மறுபடி கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். ஒன்பது, அறுபது. பத்து, அறுபது.

ஹாரன் அண்ணன் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் இரண்டு பேர் போர்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார்கள் என்று, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பியை விட்டுவிட முடியாது என்றும் மனைவி சொன்னாள். திரை எதைக் காட்டினாலும் பள்ளிக்கூடச் சுவர் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, அதைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கவேண்டும், அதற்கு அவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. ஒன்பது நாளும் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. காரணம். தாளை அவள் எழுதக்கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் அவர்கள் முறை.

எழுதினேன். 'சாலையோரம் நிறுத்தியிருந்த பயிற்சிக் காரின் கூரையில் இருந்த விளம்பரப் போர்டு. போர்டின் உரிமையாளர்:' என்று எழுதிவிட்டு, என் பெயரை எழுதினேன். இருபது வருஷமாக எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயர் அவ்வளவு நீளமாக அதுவரை தெரிந்ததில்லை.

மணி மூன்று நாற்பத்தைந்து. நான்கு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவனுக்குச் சொல்லிவிடலாம். போனை எடுத்தேன். அவன் பதில் போட்டிருந்தான், ஒன்று இருபதுக்கே. நான் பார்க்கவில்லை.

'சரி மாமா.'

மனைவி எட்டிப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த என் செய்தியையும் படித்தாள்.

கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"கொடுத்துட்டேன் மாமா. ரெண்டு மணிக்கே நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்துட்டேன்."

என்னடா எழுதினாய் என்று கேட்டேன். வெயில் என்றுதானே, என்றேன்.

"இல்ல. வெயில் பின்னாலதான் இருந்துச்சு. பொய் எழுத வரலை. வண்டி முப்பதுதான் காட்டுச்சு, அது தெரிஞ்சும் வேகமா போனேன்னு எழுதிட்டேன். அக்காவே அஞ்சு தடவை பார்த்தாச்சு. அக்காவுக்கு எதுக்கு தப்பாத் தெரியப்போகுது. எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கும். மனசு லேசாத்தான் இருக்கு மாமா, நீங்க கவலைப்படாதீங்க."

தெரிந்தும் போனேன் என்று எழுதியிருக்கிறான். தெரிந்தே மீறினால் என்னவென்று மேலே சொன்னேன்.

போன் என் கையில்தான் இருந்தது. குரல் வண்டிக்குள் இருவருக்கும் கேட்டது. மனைவி அதை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"டேய். அறுபதுதான். நீ பார்த்தது அறுபதுதான். இப்ப நான் பார்த்தேன்."

"நிஜமாவா அக்கா?"

வேறு யாரோ செய்த ஒன்றைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான். அப்புறம், எப்படி என்று கேட்டான். மனைவி போனை என்னிடம் நீட்டினாள்.

நான் வாயைத் திறந்தேன். கிளட்ச், கண்ணாடி, இன்டிகேட்டர் எல்லாம் வந்து நின்றது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. பிறகு வந்தது.

"என் போர்டுடா."

விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்தப் போர்டை அவன் பார்த்திருக்கிறான். அறுபது நாள் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் இழுக்கிறீர்களே என்று கிண்டல் செய்தவனே அவன்தான்.

"அப்ப கேக்குல இல்ல," என்றான். மெதுவாக. சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. போனை வைத்துவிட்டான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். ஓடிப்போய்ப் பயிற்சிக் காரின் படியில் ஏறி, அந்தத் தகட்டைப் பிடித்து உலுக்கினேன். பின்னாலேயே மனைவி வந்தாள்.

"கழட்டாதீங்க. அது சாட்சி."

அப்படியே விட்டுவிடவும் முடியாது. தெருவில் வரும் ஒவ்வொரு வண்டியும் அதைப் படித்துக்கொண்டிருந்தது. மூடுவதற்குச் சாக்கு, துணி என்று எதுவும் கையில் இல்லை. சட்டையைக் கழற்றி அதற்குப் போட்டேன். பொத்தானையும் போட்டுவிட்டேன். எதிர்ச்சாரியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்தார். ஒன்பது நாள் நல்ல பெயர் பனியனோடு நின்றது.

"ஏறுங்க," என்றாள் மனைவி. "உரிமம் ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். அவன் லெட்டர் இன்னும் மேஜையிலதான் இருக்கணும். யார்கிட்ட கொடுத்தான்னு தெரியலை. போய்ப் பார்ப்போம்."

பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஆபீஸ் பதினான்கு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் பாக்கி. பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து அந்த அம்மா. நாளைக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு வருவீர்கள் என்று கேட்பதற்காகக்கூட இருக்கும். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு என்மேல். எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

வேகமாகப் போ என்று வாய்வரை வந்துவிட்டது.

திரையில் முப்பது தெரிந்தது. மனைவி அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற வாத்தியாரைப் பார்த்தாள். தெருமுனை வரும் வரை முப்பதைத் தாண்டவே இல்லை.